கடுமையான எண்டோமெட்ரியோசிஸ்: அறுவைக்குப் பின் ஹார்மோன் சிகிச்சை – ஒரு நிகழ்வு ஆய்வு

கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இது தனி ஒருவரின் கோப்பு அல்ல. இந்த நோயில் அடிக்கடி சேர்ந்து வரும் சிக்கல்களை ஒரே பெண்ணிடம் வைத்து, கற்றுக்கொள்வதற்காக எழுதியது. எண்களும் காலக்கெடுவும் அப்படி அமைத்தவையே. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு கேள்வியும் உண்மையாகவே எங்கள் முன்னால் வந்து உட்காரும் கேள்விதான்.

பெண்ணுக்கு வயது 29. திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. குழந்தை வேண்டும், ஆனால் உடனே வேண்டாம். இரண்டு ஆண்டு போகட்டும் என்று கணவனும் மனைவியும் பேசி வைத்திருக்கிறார்கள். பின்னால் எடுத்த முடிவுகளில் பாதியை இந்த ஒரு தகவல்தான் தீர்மானித்தது. அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

14 வயதிலிருந்து மாதவிடாய் வலி. "எல்லாப் பொண்ணுங்களுக்கும் இருக்கறதுதான்" என்ற பதிலைக் கேட்டே வளர்ந்தவர். மெஃபனமிக் அமிலம் ஒரு மாத்திரையில் அடங்கிய வலி, பிறகு மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லை. கடந்த ஓராண்டாக மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது குத்தி இழுக்கிறது. தாம்பத்திய உறவின்போது வலி உண்டா என்று கேட்ட பிறகுதான் அதைச் சொன்னார், தானாகச் சொல்லவில்லை. பெரும்பாலான பெண்கள் சொல்ல மாட்டார்கள். கேட்க வேண்டியது மருத்துவரின் வேலை.

வலியை ஒரே எண்ணாக எழுதுவது இந்த நோயில் போதாது. நான்கு வலிகளைத் தனித்தனியாகப் பத்துக்கு மதிப்பிடச் சொன்னோம். மாதவிடாய் வலி 9, உறவின்போது 7, மலம் கழிக்கும்போது 8, மற்ற நாட்களில் அடிவயிற்றில் 4. சிகிச்சைக்குப் பிறகு எது குறைந்தது, எது குறையவில்லை என்று பிரித்துப் பார்க்க இந்த நான்கு எண்களும்தான் கைகொடுத்தன.

தலைவலி பற்றியும் கேட்டோம். மாதத்தில் ஓரிரு முறை ஒற்றைத் தலைவலி வருமாம். வருவதற்கு இருபது நிமிடம் முன்னால் கண்ணெதிரே நெளிநெளியாக ஒளிக்கோடு ஓடி, பார்வையின் ஒரு பக்கம் மங்கும் என்றார். "அது கண்ணாடி பவர் மாறினதால இருக்கும்னு நெனச்சேன் டாக்டர்." அது கண்ணாடிக் கோளாறு அல்ல, ஒற்றைத் தலைவலிக்கு முன் வரும் ஒளித்தோற்றம். இந்தப் பதில் எப்படி ஒரு முக்கிய மருந்துவகையையே பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டது என்பது பின்னால் வரும்.

பரிசோதனையில் கருப்பை பின்பக்கம் சாய்ந்து, அசையாமல் ஒட்டியிருந்தது. யோனியின் பின்சுவரை ஒட்டி, தொட்டாலே வலியில் துடிக்கவைக்கும் ஒரு முடிச்சு. உள்வழி ஸ்கேனில் வலது சினைப்பையில் 6 செ.மீ., இடதில் 4.5 செ.மீ. அளவில் சாக்லேட் கட்டிகள், அதாவது இந்த நோயால் பழைய ரத்தம் தேங்கி உருவான கட்டிகள். இரண்டு சினைப்பைகளும் நடுவில் வந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கருவியால் மெல்லத் தள்ளிப் பார்த்தபோது கருப்பையும் மலக்குடலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரவில்லை. கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பின்னறை முழுவதும் ஒட்டிவிட்டது என்பதற்கு அதுவே நல்ல சான்று. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அதையே உறுதி செய்தது; கூடவே இடது சிறுநீர்க்குழாய் லேசாக விரிந்திருப்பதையும் காட்டியது. சினைப்பையின் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவு மில்லிலிட்டருக்கு 2.1 நானோகிராம். இந்த நோயில் உயரக்கூடிய சி.ஏ. 125 புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. இவருடைய முடிவுகளில் எதையும் அது மாற்றியிருக்காது.

வலிக்கு மட்டும் என்றால் அறுவை இல்லாமல் ஹார்மோன் மருந்தையே முதலில் தொடங்கியிருக்கலாம். ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் லேப்ராஸ்கோப்பியை (சிறு துளை வழியே கருவி விட்டு வயிற்றுக்குள் பார்ப்பதை) நோய் கண்டறிவதற்கான கட்டாயப் படியாக இப்போது வைப்பதில்லை; ஸ்கேனும் அறிகுறிகளும் போதுமான அளவு சொன்னால் மருந்தைத் தொடங்கலாம். இங்கே அறுவையைத் தவிர்க்க முடியாமல் செய்தது அந்தச் சிறுநீர்க்குழாய்தான். குழாய் அடைபட்டால் சிறுநீரகம் சத்தமே இல்லாமல் கெட்டுப்போகும்; வலி வந்து எச்சரிக்கும் என்று காத்திருக்கக் கூடாது.

அறுவைக்கு முன்பே பேசியது

அறுவை முடிந்து, தையல் பிரிக்க வரும் நாளில் "இனிமேல் மாத்திரை" என்று சொன்னால் நோயாளிக்கு அது ஏமாற்றமாகத்தான் கேட்கும். ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையோ என்ற சந்தேகம்கூட வரும். அதனால் அறுவைக்கு ஒப்புதல் வாங்கும்போதே மருந்தைப் பற்றியும் பேசிவிடுவது நல்லது. அவர் கேட்டது இது: "ஆபரேஷன்லயே எல்லாத்தையும் எடுத்துடுவீங்கல்ல? அப்புறம் எதுக்கு மாத்திரை?"

நியாயமான கேள்வி. கத்தி எடுப்பது கண்ணுக்குத் தெரியும் திசுவை. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் தங்கலாம். அதைவிட முக்கியம், அந்தத் திசுவை வளர்த்த சூழல் அப்படியே இருக்கிறது. இந்தத் திசுவை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சினைப்பை மாதாமாதம் சுரக்கும். மாதவிடாய் ரத்தத்தில் ஒரு பகுதி சினைக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகும். அமெரிக்க மகளிர் மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920-களில் முன்வைத்த இந்த விளக்கம் எல்லாவற்றையும் விளக்காவிட்டாலும் இன்றும் வலுவாகவே நிற்கிறது. சாக்லேட் கட்டிகள் விஷயத்தில் கருமுட்டை வெடித்து வெளிவரும் இடமே புதுக் கட்டிக்குத் தொடக்கமாக அமைகிறது என்பதற்கும் சான்றுகள் உண்டு. மாதச் சுழற்சி நடக்கும் வரை நோய்க்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும்.

மருந்தில்லாமல் விட்டால் எவ்வளவு பேருக்குத் திரும்புகிறது? 2009-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின் கணக்குப்படி, அறுவைக்குப் பின் இரண்டு ஆண்டில் சுமார் 21.5 சதவீதம் பேருக்கும், ஐந்து ஆண்டில் 40 முதல் 50 சதவீதம் பேருக்கும் நோய் திரும்புகிறது. இளம் வயதில் அறுவை செய்துகொண்ட பெண்ணுக்கு மாதவிடாய் நிற்க இன்னும் இருபது ஆண்டு இருக்கிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வயிற்றைத் துளைத்துக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு அறுவையும் சினைப்பையில் நல்ல முட்டைகளையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். அடுத்த அறுவையை முந்தியதைவிடக் கடினமாக்கும் ஒட்டுகளை விட்டுச் செல்லும். இருபது ஆண்டில் ஒரே அறுவையோடு நிறுத்திக்கொள்வதுதான் எங்கள் குறி. மருந்து அதற்காகத்தான்.

இன்னொன்றையும் அப்போதே தெளிவாகச் சொன்னோம். உடனே குழந்தை வேண்டும் என்றால் இந்த மருந்தே கிடையாது. அறுவைக்குப் பின் சில மாதம் சினைப்பையை அடக்கி வைத்தால் பிறகு கரு நன்றாகத் தங்கும் என்று பலர் நம்புகிறார்கள், ஊசிகூடப் போட்டுவிடுவதுண்டு. கருத்தரிப்பை மேம்படுத்துவது மட்டுமே நோக்கமென்றால் அப்படி அடக்கக் கூடாது என்று மேலே சொன்ன 2022 வழிகாட்டுதல் நேராகவே சொல்கிறது. கருத்தரிக்க நல்ல வாய்ப்புள்ள மாதங்கள் அதில் வீணாகின்றன.

அறுவை

லேப்ராஸ்கோப்பியில் இரண்டு கட்டிகளின் சுவரையும் உரித்து எடுத்தோம். வெறுமனே உறிஞ்சி விடுவதையோ சுடுவதையோ விடச் சுவரை உரிப்பதில் கட்டி திரும்புவது குறைவு. ஆனால் முட்டை இருப்பும் குறையும். அதனால் ரத்தக்கசிவை நிறுத்த மின்சூட்டைக் கூடியவரை தவிர்த்து, நுண்தையல் போட்டோம். இடது சிறுநீர்க்குழாயைச் சுற்றியிருந்த தழும்பு விடுவிக்கப்பட்டது. கருப்பையின் பின் தசைநார்களில் இருந்த முடிச்சுகளை வெட்டி எடுத்தோம். மலக்குடலின் மேற்பரப்பில் படர்ந்திருந்ததை, குடலைத் திறக்காமல் சீவி எடுத்தோம். திசுப் பரிசோதனையில் கருப்பை உட்படலச் சுரப்பிகளும் அடித்திசுவும் தெரிந்தன, நோய் உறுதியானது.

அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் மதிப்பெண் முறையில் 40-ஐத் தாண்டினாலே நான்காம் நிலை. இவருக்கு இரண்டு சினைப்பைகளுக்குத் தலா 20, முழுதும் மூடிய பின்னறைக்கு 40. இவை மட்டுமே 80. ஆனால் இந்த எண்ணுக்கும் வலிக்கும் பெரிய தொடர்பு இல்லை. முதல் நிலையிலேயே துடிப்பவர்களும் நான்காம் நிலையில் வலியே தெரியாதவர்களும் உண்டு. மருந்தைத் தேர்வு செய்ய எங்களுக்கு மதிப்பெண்ணைவிட எங்கே என்ன இருந்தது என்ற விவரம்தான் உதவியது.

எந்த மருந்து

முதலில் நினைவுக்கு வருவது ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்து) சேர்ந்த கருத்தடை மாத்திரை. விலை குறைவு, நீண்ட அனுபவம் உள்ளது, சாக்லேட் கட்டிக்கு நல்ல சான்றும் உண்டு. 2010-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் மாத்திரை எடுக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்குக் கட்டி திரும்பியது. மாதம் ஒரு வாரம் இடைவெளி விட்டு எடுத்தவர்களில் 14.7 சதவீதம், இடைவெளியே விடாமல் எடுத்தவர்களில் 8.2 சதவீதம். ஆனால் ஒளித்தோற்றத்துடன் ஒற்றைத் தலைவலி இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை மூளைப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்; உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிப் பட்டியலில் அது அறவே தரக்கூடாத நான்காம் வகை. நெளிநெளியான ஒளிக்கோடு பற்றிக் கேட்டது இதற்காகத்தான். கேட்காமல் எழுதிக் கொடுத்துவிடும் சீட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் 52 மி.கி. உள்ள கருப்பைக்குள் வைக்கும் கருவி அடுத்த வழி. 2003-இல் 40 பெண்களிடம் நடந்த ஆய்வில், அறுவையோடு கருவியும் வைத்தவர்களில் ஓராண்டில் 10 சதவீதம் பேருக்குத்தான் மிதமான அல்லது கடுமையான மாதவிடாய் வலி திரும்பியது. வைக்காதவர்களில் 45 சதவீதம். வைத்தால் ஆண்டுக்கணக்கில் மறந்துவிடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அது முக்கியமாகக் கருப்பைக்குள் வேலை செய்வது. பல பெண்களுக்கு முட்டை வெடிப்பது தொடரும். வலிக்கு நல்லது, இரு பக்கமும் கட்டி இருந்தவரின் சினைப்பைகளுக்கு அவ்வளவு உறுதியான காவல் அல்ல.

சினைப்பையை முழுதாக அடக்கும் லியூப்ரோலைடு ஊசி மூன்றாவது வழி. வலியைக் குறைப்பதில் அதன் திறனில் ஐயமில்லை. உடல் சூடேறி வியர்ப்பது, தூக்கமின்மை, எலும்பின் அடர்த்தி குறைவது ஆகியவை அதோடு வரும். எலும்பைக் காக்கச் சிறு அளவு ஹார்மோனைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். இரண்டு ஆண்டுத் திட்டத்துக்கு அதை முதலில் எடுக்க எனக்கு மனமில்லை. மாத்திரையாகவே வரும் ரெலுகோலிக்ஸ் கலவை 2022-இல் அமெரிக்காவில் எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு அனுமதி பெற்றது. அதில் எஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரோஜன் இருப்பதால் இதே தலைவலி அங்கேயும் குறுக்கே நின்றது.

கடைசி வழி, டயனோஜெஸ்ட் என்ற புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை: 2 மி.கி., தினம் ஒன்று, இடைவெளி இல்லாமல். இதையே தேர்ந்தோம். இந்த அளவில் முட்டை வெடிப்பது நிற்கும், எஞ்சிய திசு சுருங்கும், அழற்சி தணியும். அதே சமயம் ஈஸ்ட்ரோஜன் அடிமட்டத்துக்கு விழாது. மில்லிலிட்டருக்கு 30 முதல் 50 பிகோகிராம் எஸ்ட்ராடியோல் இருந்தால் நோயும் அடங்கும், எலும்பும் தாங்கும் என்று அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பார்பியெரி 1992-இல் முன்வைத்த கருத்து இங்கே பொருந்தி வருகிறது.

இதனால் மற்ற வழிகள் தாழ்ந்தவை என்று ஆகாது. 405 பெண்களைச் சேர்த்து பிரிட்டனில் நடந்து 2024-இல் வெளியான பெரிய ஆய்வில், அறுவைக்குப் பின் நீண்டநாள் வேலை செய்யும் புரோஜெஸ்டினை (ஊசியாகவோ கருப்பைக்குள் வைக்கும் கருவியாகவோ) பெற்றவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுத்தவர்களுக்கும் மூன்று ஆண்டு முடிவில் வலி ஏறக்குறைய ஒரே அளவில், சுமார் 40 சதவீதம், குறைந்திருந்தது. மறு அறுவையும் கூடுதல் சிகிச்சையும் புரோஜெஸ்டின் பக்கம் குறைவு. ஆக, எந்த மருந்து என்பதைவிட அந்தப் பெண்ணால் தொடர்ந்து எடுக்க முடியுமா என்பதற்கே எடை அதிகம்.

சீட்டு எழுதும் முன் இரண்டு விஷயம் பார்த்தோம். தலைவலித் தடுப்புக்கு டொபிராமேட்டோ, வலிப்புக்குக் கார்பமாசெபினோ எடுக்கிறாரா? எடுக்கவில்லை. எடுத்திருந்தால் புரோஜெஸ்டினின் வேகம் குறையக்கூடும். முன்பு மனச்சோர்வு இருந்ததா? இல்லை. டயனோஜெஸ்ட் முட்டை வெடிப்பதை நிறுத்தினாலும் அது கருத்தடை மருந்தாகப் பதிவு பெற்றதல்ல. ஆணுறை சேர்த்துப் பயன்படுத்தச் சொன்னோம்.

மாத்திரை நின்றது

அறுவை முடிந்த முதல் வாரத்திலேயே மாத்திரை தொடங்கியது. ஆறாவது வாரம் வந்தபோது முகத்தில் தெளிவு இருந்தது. அதன் பிறகு அடுத்த முறைக்கு வரவில்லை. ஐந்தாவது மாதம் வந்தார், மாதவிடாய் வலி 6 என்று.

பத்தாவது வாரத்திலேயே மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். தினமும் பழுப்பாக ஸ்பாட்டிங். நாப்கின் இல்லாமல் ஒருநாளும் இருக்க முடியவில்லை. பிறகு பத்து நாள் ஒன்றுமே படவில்லை. அது இன்னும் பயமாகிவிட்டது. வீட்டில் நாத்தனார் சொன்னாராம், "மாசாமாசம் வெளிய வர வேண்டிய ரத்தம் உள்ளயே தேங்கினா கட்டிதான் வரும், அப்புறம் புள்ள எப்படித் தங்கும்?"

இந்த வாக்கியத்தை எதிர்கொள்ளாமல் எந்தப் புரோஜெஸ்டின் சிகிச்சையும் வெற்றி பெறாது. ஏற்கெனவே கட்டி வந்து அறுவை செய்துகொண்ட பெண்ணிடம் 'தேங்கினால் கட்டி' என்று சொன்னால் அவர் நம்பாமல் என்ன செய்வார்? நாத்தனாரின் அக்கறையும் பொய்யல்ல. அதனால் "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒதுக்கவில்லை. ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினோம். மாத்திரையை விட்ட பிறகு இப்போது உட்படலம் 9 மி.மீ. தடிமன்; ஆறாவது வாரப் படத்தில் 3 மி.மீ. இருந்தது. மருந்து எடுக்கும்போது உட்படலமே தடிப்பதில்லை. தடிக்காத படலம் உதிர்வதில்லை. உதிராதபோது தேங்குவதற்கு ரத்தமே இல்லை. "அப்போ உள்ள ஒண்ணுமே சேராதா டாக்டர்?" என்று இரண்டு முறை கேட்டார். சேராது என்றோம். அடுத்த முறை நாத்தனாரையும் அழைத்து வரச் சொன்னோம். அவர் வந்தார், மாமியாரையும் கூட்டிக்கொண்டு.

ஸ்பாட்டிங் பற்றியும் நேராகப் பேசினோம். முதல் மூன்று நான்கு மாதம் பெரும்பாலானவர்களுக்கு ஒழுங்கற்ற கசிவு இருக்கும், மருந்து தோற்றதற்கு அது அடையாளம் அல்ல, போகப்போகக் குறையும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால் மட்டும் உடனே வர வேண்டும். இதை முதல் முறையும் சொன்னோம்தான். ஆனால் வெளியேறும் நாளில் பத்துச் செய்திகளுக்கு நடுவே சொன்னது நினைவில் நிற்பதில்லை. இம்முறை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நான்காவது, எட்டாவது வாரங்களில் செவிலியர் போனில் பேச ஏற்பாடு செய்தோம்.

சினைப்பைகளில் புதுக் கட்டி இல்லை. அதே மருந்தை மறுபடி தொடங்கினோம்.

பிறகு

மூன்று மாதத்தில் கசிவு நின்றது. ஓராண்டு முடிவில் மாதவிடாயே இல்லாததால் அந்த வலியும் இல்லை. மலம் கழிக்கும்போது 1. உறவின்போது மட்டும் 5-இலேயே நின்றது. இங்கே மருந்தை மாற்றுவதோ அளவைக் கூட்டுவதோ எளிய தவறாகியிருக்கும். ஸ்கேன் சுத்தம். விரலால் சோதித்தபோது இடுப்புத்தளத் தசைகள் இரண்டு பக்கமும் கயிறு போல இறுகியிருந்தன. பத்துப் பன்னிரண்டு ஆண்டு வலிக்குப் பயந்து இறுக்கிப் பழகிய தசை, நோய்த்திசுவை எடுத்தவுடன் தளர்ந்துவிடாது. நரம்புகளும் வலியை மிகைப்படுத்தப் பழகிவிடும். இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினோம். நான்கு மாதத்தில் 2-க்கு வந்தது. ஹார்மோன் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ள அந்த நான்கு எண்களும் இப்படித்தான் உதவின.

ஒவ்வொரு முறையும் மனநிலை பற்றியும் கேட்டோம். இடையில் சில வாரம் காரணமில்லாமல் அழுகை வந்தது என்றார்; மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலில் மதிப்பெண் லேசான அளவிலேயே இருந்தது, தொடர்ந்து ஏறவில்லை. ஏறியிருந்தால் மருந்தை நிறுத்தி, கருப்பைக்குள் வைக்கும் கருவிக்கு மாறியிருப்போம், சினைப்பைக் காவல் கொஞ்சம் குறையும் என்று தெரிந்தே.

சிறுநீரக ஸ்கேன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இடது குழாய் பழைய அளவுக்கு வந்து அப்படியே இருக்கிறது.

இரண்டு ஆண்டு முடிந்தது. இருவரும் சேர்ந்து வந்து, இனி குழந்தைக்கு முயலலாம் என்றார்கள். டயனோஜெஸ்ட் நிறுத்தப்பட்டது, ஐந்தாவது வாரம் மாதவிடாய் வந்தது. இந்த மருந்து உடலில் தங்குவதில்லை, சுழற்சி விரைவில் திரும்பும். நீண்டநாள் வேலை செய்யும் புரோஜெஸ்டின் ஊசியில் அது பல மாதம் தள்ளிப்போகக்கூடும் என்பதால்தான் அந்த ஊசியைத் தொடக்கத்திலேயே பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டோம்.

மூன்றாம் மாத ஸ்கேனில் இடது சினைப்பையில் 1.8 செ.மீ. அளவில் ஒரு சிறு சாக்லேட் கட்டி. ஏ.எம்.எச். 1.3. இந்தச் சூழலில் மறுபடி அறுவை செய்யச் சொல்லும் குரல்கள் வரும். செய்யவில்லை. இவ்வளவு சிறிய கட்டி கருத்தரிப்பைத் தடுப்பதைவிட அதை எடுக்கப் போய் முட்டைகளை இழப்பது பெரிய நட்டம். செயற்கைக் கருத்தரிப்புக்கு முன்புகூட, குழந்தைப்பேறு விகிதத்தைக் கூட்டுவதற்காக என்று இதை வழக்கமாக எடுப்பதில்லை.

இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பைக் கணிக்க அறுவையின்போதே கணக்கிட்ட எண்டோமெட்ரியோசிஸ் கருவுறு குறியீடு பத்துக்கு 6. நடுத்தரம். ஆறு மாதம் இயற்கையாக முயலட்டும், அதற்குள் தங்காவிட்டால் தாமதிக்காமல் கருத்தரிப்பு மையத்துக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். இது நான்காம் மாதம். மாதவிடாய் வலி 4-க்கு ஏறியிருக்கிறது. நாப்ராக்சென் என்ற வலிமாத்திரை போதுமானதாக இருக்கிறது.

பிரசவத்துக்குப் பின் என்ன செய்வது என்பதையும் கோப்பில் இப்போதே எழுதி வைத்தாயிற்று. கருத்தரிப்பது நோயைக் குணப்படுத்திவிடும் என்று யாராவது அவரிடம் சொல்வார்கள். கர்ப்ப காலத்தில் அடங்கியிருந்தது மாதவிடாய் திரும்பியதும் திரும்பலாம். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் டயனோஜெஸ்ட் பரிந்துரைக்கப்படுவதில்லை. அதனால் பிரசவமாகி ஆறு வாரத்தில் லெவோநார்ஜெஸ்ட்ரல் கருவி வைப்பது, தாய்ப்பால் நின்ற பிறகு சினைப்பை ஸ்கேனைப் பார்த்து மாத்திரைக்குத் திரும்புவதா என்று முடிவெடுப்பது. ஆறு மாதத்தில் கரு தங்காமல் மையத்துக்குப் போவதில் தாமதமானாலோ, இடையில் முயற்சியை நிறுத்திவைக்க அவர்களே விரும்பினாலோ, அந்த இடைவெளிக்கும் டயனோஜெஸ்ட்டை மறுபடி தொடங்க வேண்டும். அந்தச் சீட்டு அவர் கையில் இருக்கிறது.